சென்னையில் லினக்ஸ் போட எந்த மிரர் நல்லது? ஒரு சர்வீஸ் கடைக்காரரின் மதிப்பீடு

லினக்ஸில் டெபியன், மிண்ட், உபுண்டு என்று பல வகை. எதைப் போட்டாலும் அப்டேட் இறங்குவது மிரர் என்ற நகல் சர்வரிலிருந்துதான். டெபியன் போடுகிறவர்கள் மிரர் கேட்கும் திரையில் முதலாவதாக நிற்கும் டெப்.டெபியன்.ஆர்க்கை மாற்றாமல் என்டரைத் தட்டிவிடலாம். மிண்ட் போடுகிறவர்கள் இன்ஸ்டால் முடிந்த கையோடு ‘சாஃப்ட்வேர் சோர்சஸ்’ சாளரத்தைத் திறந்து ஐந்து நிமிடம் செலவழிக்க வேண்டும். உபுண்டுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில். அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் மீதி.

சிந்தாதிரிப்பேட்டையில் சின்ன சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். முன்பெல்லாம் லினக்ஸ் கேட்டு வருகிறவர்கள் இன்ஜினியரிங் மாணவர்கள்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய மெஷினில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. அதிலிருந்து டியூஷன் சென்டர், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம், பில் போட ஒரே ஒரு லேப்டாப் வைத்திருக்கும் மளிகைக் கடை என்று எல்லாரும் “அந்த மிண்ட் போட்டுக் குடுங்க” என்று வருகிறார்கள். போடுவது அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு வருகிற அப்டேட்தான் ஆளைக் கொல்லும். அது எந்த ஊர் சர்வரிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அன்றைக்கு நான் சாயங்காலம் வீட்டுக்குப் போவதா, ராத்திரி போவதா என்பது.

மிரர் என்றால் நகல். டெபியனின் மொத்தக் கிடங்கு பல டெராபைட். உலகமே ஒரே வாசலில் வந்து முட்டினால் எந்த சர்வரும் தாங்காது. அதனால் பல்கலைக்கழகங்களும் டேட்டா சென்டர்களும் இணைய நிறுவனங்களும் தங்கள் செலவில் ஆளுக்கொரு நகலை வைத்துக்கொண்டு, மூலத்தோடு அவ்வப்போது ஒத்துப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்கின்றன. நமக்கு யாரும் பில் அனுப்புவதில்லை. சென்னையில் பழைய ஆட்களுக்கு ஐஐடி மெட்ராஸின் எஃப்டிபி சர்வர் நினைவிருக்கும். கான்பூர் ஐஐடியின் கணினி அறிவியல் துறை வைத்திருக்கும் மிரரும் நெடுநாளாகக் கேட்கிற பெயர்தான். நெட் இல்லாதவர்களுக்கு உபுண்டு சிடியைத் தபாலிலேயே இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2011-இல் அதை நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் மிரர் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் ஹாஸ்டல்காரர்கள் மட்டுமே.

இன்ஸ்டாலர்கள் நம்மிடம் கேட்கிற கேள்வியே எனக்குப் பிடிக்காது. ‘உங்களுக்கு அருகில் உள்ள நாட்டைத் தேர்ந்தெடுங்கள்’ என்பார்கள். நாம் என்ன செய்வோம், இந்தியாவைத் தட்டுவோம். நெட்டுக்கு நாட்டு எல்லை தெரியாது, கேபிள் போகிற வழிதான் தெரியும். வரைபடத்தில் சிங்கப்பூர் நமக்குக் கான்பூரைப் போல ஏறக்குறைய இரட்டிப்பு தூரம். ஆனால் சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள்கள் நேராகவே போகின்றன. 2002-இல் வந்த ஐ2ஐ அதில் ஒன்று. கான்பூருக்குப் போகும் பாக்கெட் மும்பை, டெல்லி என்று யார் யார் வீட்டு வாசலிலோ ஏறி இறங்கிப் போகிறது. என் கடை லைனில் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை) போட்டால் சிங்கப்பூர் சர்வர் பல நாள் வட இந்திய சர்வர்களுக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிறது. உங்கள் லைனில் வேறு மாதிரி இருக்கலாம். தெருவுக்குத் தெரு நெட் கம்பெனி மாறுகிற ஊர் இது.

பெரம்பூரில் டியூஷன் சென்டர் நடத்தும் மிஸ் ஒருவர் கேட்டார்: “ஏண்ணே, யூடியூப் ஃபோர்-கே-ல சும்மா பறக்குது. உங்க அப்டேட் மட்டும் ஏன் இப்படி நிக்குது? லேப்டாப்புல ஏதாவது கோளாறா?” கோளாறு ஒன்றுமில்லை. யூடியூப் வீடியோவின் நகலை கூகுள் பல நெட் கம்பெனிகளின் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பெட்டியில் வைத்திருக்கிறது. அது உங்கள் கேபிள்காரரை விட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. லினக்ஸ் மிரருக்குப் போவதானால் அவர் வெளியே காசு கொடுத்து வாங்கிய லைனில்தான் போக வேண்டும். அந்த லைன் ராத்திரி ஒன்பது மணிக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீடு டெஸ்ட்டில் 100 எம்பி காட்டுவதை நம்பி மிரர் வேகத்தைக் கணக்குப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேகத்தைவிட நான் முதலில் பார்ப்பது, நகல் எவ்வளவு புதிது என்பதை. இதை யாரும் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பெயர் வேண்டாம், ஒரு கல்வி நிறுவனத்தின் மிரர். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். திருவல்லிக்கேணி அச்சகக்காரர் ஒருவரின் டெஸ்க்டாப்புக்கு மிண்ட் போட்டு, அதிலிருந்துதான் அப்டேட் விட்டேன். பாதியில் சிவப்பு எழுத்தில் வந்து நின்றது: ‘ஃபைல் ஹேஸ் அன்எக்ஸ்பெக்டட் சைஸ்’. அதன் கடைசியில் ஒரு கேள்விக்குறியோடு ‘மிரர் சிங்க் இன் ப்ராக்ரஸ்?’ என்று ஆப்ட் (மென்பொருளை இறக்கிப் போடும் நிரல்) நம்மையே கேட்கிறது. சிங்க் (மூலத்தோடு ஒத்துப் புதுப்பிப்பது) நடக்கிறது போலும் என்று காத்திருந்தால் மறுநாளும் அதே வரி, அதே சைஸ். பிரவுசரில் அந்த மிரரைத் திறந்து, ‘டிஸ்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘நோபிள்-அப்டேட்ஸ்’ (நோபிள் என்பது அந்த மிண்டின் அடியில் இருக்கும் உபுண்டு பதிப்பின் பெயர்), அதற்குள் ‘இன்ரிலீஸ்’ ஃபைலைக் கிளிக் செய்தேன். மேலேயே ‘டேட்’ என்று ஒரு வரி இருக்கும். வாரக்கணக்கில் பழைய தேதி. சிங்க் நடுவழியில் செத்துப்போய், யாரும் கவனிக்காமல் கிடந்திருக்கிறது. அச்சகக்காரருக்கு முகூர்த்த மாதம், நின்றுகொண்டே இருக்கிறார். மிரரை மாற்றினேன், போய்விட்டது.

இது ஏன் நடக்கிறது என்றால், மிரரில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று பேக்கேஜ்கள், அதாவது கட்டிவைத்த மென்பொருள்கள், இன்னொன்று என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது, சைஸ் என்ன, ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) என்ன என்று சொல்லும் பட்டியல். முறைப்படி நகலெடுப்பவர்கள் முதலில் பேக்கேஜ்களை எல்லாம் இறக்கிவிட்டு, கடைசியில்தான் பட்டியலை மாற்றுவார்கள். டெபியன் அதற்கென்றே எஃப்டிபிசிங்க் என்ற ஸ்கிரிப்டைத் தருகிறது. சோம்பேறித்தனமாக ஒரே மூச்சில் ஆர்சிங்க் (நகலெடுக்கும் நிரல்) போட்டால் பட்டியல் முந்திக்கொள்ளும், பேக்கேஜ் பிந்திவரும். ஓட்டல் போர்டில் பொங்கல் என்று எழுதியிருக்கும், உட்கார்ந்து கேட்டால் இன்னும் வேகவில்லை என்பார்கள், அந்தக் கதைதான். பட்டியலை அதன் ஹாஷ் பெயரிலேயே தேடி எடுக்கிற ‘பை-ஹாஷ்’ முறை வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. அறவே ஒழியவில்லை.

சரி, டெபியனுக்கு வருகிறேன். டெப்.டெபியன்.ஆர்க் என்பது தனி ஒரு சர்வர் கிடையாது. ஃபாஸ்ட்லி என்ற கம்பெனியின் உலகளாவிய வலைப்பின்னலில் அது ஓடுகிறது. நாம் கேட்கிறபோது நமக்கு வசதியான இடத்திலிருந்து தருகிறது. கடை லைனில் அதன் பதிலின் தலைப்பு வரிகளை எடுத்துப் பார்த்தால் ‘சர்வ்டு பை’ என்ற இடத்தில் எம்.ஏ.ஏ. என்று வருகிறது, அதாவது மீனம்பாக்கம் விமான நிலையத்தின் குறியீடு. ஊருக்குள்ளேயே இருந்து வருகிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்த்தபோது மும்பையைக் காட்டியது, அப்போதும் வேகத்துக்குக் குறைவில்லை. கடையின் 100 எம்பி லைனை இது நிரப்பிவிடுகிறது. அதற்குமேல் ஒரு மிரரிடம் என்ன எதிர்பார்ப்பது? மூலத்தோடு நேரடித் தொடர்பு இருப்பதால் பழைய நகல் என்ற பேச்சுக்கும் பெரும்பாலும் இடமில்லை.

ஒரே குறை, அதை நம் கண்ணில் படும்படி சொல்வதில்லை. நெட்இன்ஸ்ட் என்ற, நெட்டிலிருந்து இறக்கிப் போடும் டெபியன் இன்ஸ்டாலரில் முதலில் நாடு கேட்கும், இருப்பிடத்தை வைத்து இந்தியாவில் கர்சர் நிற்கும். அடுத்த திரையில் டெப்.டெபியன்.ஆர்க் மேலே, அதற்குக் கீழே மற்றவை. புதிதாகப் போடுகிறவர் ‘இது ஏதோ பொதுவானது போலிருக்கிறது, நம்ம நாட்டு மிரர்தான் வேகமாக இருக்கும்’ என்று கீழே இறங்கிவிடுகிறார். இறங்கித் தேர்ந்ததில் வேலிடான ரிலீஸ் ஃபைல் (பட்டியலின் முகப்பு ஃபைல்) இல்லையென்றால் ‘பேட் ஆர்கைவ் மிரர்’ என்று வந்து நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, ‘கோ பேக்’ கொடுத்து மாற்றலாம். போட்ட பார்ட்டிஷன் எல்லாம் அப்படியே இருக்கும். கடைப் பையன் முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இந்திய மிரர் ஒன்றைத்தான் எடுப்பேன் என்கிறவர்கள் தேர்வதற்கு முன் போனில் அதைத் திறந்து, ‘டெபியன்’ ஃபோல்டருக்குள் ‘ப்ராஜெக்ட்’, அதற்குள் ‘ட்ரேஸ்’ போய்ப் பாருங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற நேரம் அங்கே இருக்கும். மூலக் கிடங்கு நாளுக்கு 4 முறை மாறுகிறது. ஆகவே ட்ரேஸ் நேரம் ஒரு நாளுக்குள் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஸ்டேபிள் என்ற நிலையான பதிப்பில் பெரிய மாற்றமெல்லாம் அவ்வப்போது வரும் பாயின்ட் ரிலீஸ் என்ற திருத்தத் தொகுப்பில்தான் என்பதால் கொஞ்சம் பின்தங்கிய மிரரிலும் வண்டி ஓடிவிடும். பாதுகாப்பு அப்டேட்டுகள் செக்யூரிட்டி.டெபியன்.ஆர்க் என்ற தனி இடத்திலிருந்து வருகின்றன. அந்த வரியை மட்டும் எந்த மிரருக்கும் மாற்றாதீர்கள்.

மிண்டில் கதை வேறு. இன்ஸ்டால் செய்யும்போது அது மிரரைப் பற்றி மூச்சே விடாது. பென்டிரைவில் இருப்பதை வைத்து முடித்துவிடும். முதல் முறை அப்டேட் மேனேஜரைத் திறந்தால் மேலே ஒரு பட்டை வரும், உள்ளூர் மிரருக்கு மாறுகிறீர்களா என்று. நிறைய பேர் அதை விளம்பரம் என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். ஓகே கொடுத்தால் சாஃப்ட்வேர் சோர்சஸ் திறக்கும். மெயின் என்று ஒன்று, பேஸ் என்று ஒன்று. மெயினில் மிண்டின் சொந்தச் சரக்கு, அளவில் சின்னது. பேஸில் உபுண்டுவிலிருந்து வருவது, நம் டேட்டாவை விழுங்குவது அதுதான். ஆகவே நேரமில்லாதவர்கள் பேஸை மட்டுமாவது பார்த்து மாற்றுங்கள்.

அந்தப் பட்டியல் சாளரம் எனக்கு மிகவும் பிடித்த இடம். வரிசையாக நாட்டுக் கொடிகள், பக்கத்தில் முகவரி, ஒவ்வொன்றாகச் சோதித்து வேகம் நிரம்பிக்கொண்டே வரும். உண்மையாகவே கொஞ்சம் இறக்கிப் பார்த்துச் சொல்கிறது என்பதால் வெறும் பிங்கைவிட இது நம்பகமானது. ஆனால் காலை பதினோரு மணிக்கு முதலிடத்தில் நின்ற மிரர் ராத்திரி ஒன்பதுக்கு நான்காம் இடத்துக்கு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் எந்நேரம் அப்டேட் போடுவார்களோ அந்நேரம் ஒரு தடவை சோதிக்கச் சொல்லுங்கள். முதலிடம் எது என்பதைவிட இரண்டு நேரத்திலும் முதல் ஐந்துக்குள் எது நிற்கிறது என்று பார்த்து எடுப்பது என் வழக்கம். அது சிங்கப்பூராக இருந்தாலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. எதை மாற்றினாலும் செக்யூரிட்டி.உபுண்டு.காம் வரியை மிண்ட் தொடுவதில்லை, மிரர் சுணங்கினாலும் முக்கியமான ஓட்டை அடைப்புகள் நேராக வந்து சேரும். இந்த ஒரு விஷயத்துக்காகவே மிண்டுக்கு என் மதிப்பெண் கூடுகிறது.

உபுண்டு டெஸ்க்டாப் இருப்பிடத்தைப் பார்த்து இன்.ஆர்கைவ்.உபுண்டு.காம் என்று தானே போட்டுக்கொள்கிறது. அந்தப் பெயரில் இந்தியா இருப்பதால் சர்வரும் இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, அது ஒரு பலகை, பின்னால் இருப்பது மாறலாம். வேகம் சரியாக வந்தால் விட்டுவிடுங்கள். வராவிட்டால் ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ போய், ‘டவுன்லோட் ஃப்ரம்’ என்ற இடத்தில் ‘அதர்’, அதில் ‘செலக்ட் பெஸ்ட் சர்வர்’. டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். சர்வர் பதிப்பின் இன்ஸ்டாலர் மிரர் திரையிலேயே அதைச் சோதித்து, தேறிவிட்டது என்று சொல்லிவிடுகிறது. டெஸ்க்டாப்பிலும் அதைக் கொண்டுவந்தால் நன்றாயிருக்கும்.

ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகை எடுக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. இருந்தாலும் அவர்கள் லைவ் ஐஎஸ்ஓ (பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே ஓட்டும் இன்ஸ்டால் ஃபைல்) செய்துவந்ததைப் பாராட்ட வேண்டும். நெட் கிடைத்ததும் ரிஃப்ளெக்டர் என்ற நிரல் தானே ஓடி, சமீபத்தில் சிங்க் ஆன 20 மிரர்களை முதலில் பொறுக்கி, அப்புறம்தான் அவற்றை வேகப்படி வரிசைப்படுத்தியது. வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் புதிது, பிறகு வேகம். ஃபெடோரா என்ற வகையில் மிரர்மேனேஜர் பட்டியலை அவர்களே தயாரித்து அனுப்புகிறார்கள். அதில் ‘ஃபாஸ்டஸ்ட் மிரர்’ என்ற அமைப்பைப் போடச் சொல்லி ஆளாளுக்குச் சொல்வார்கள். அதைப் போட்டால் அவர்கள் யோசித்து அனுப்பிய வரிசை கலைந்துவிடும். எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

“யாரோ ஒருத்தர் சர்வர்ல இருந்து இறக்குறோமே, நடுவுல வைரஸ் கலந்து விட்டா?” என்று மளிகைக் கடை அண்ணாச்சி கேட்டார். நல்ல கேள்வி. பேக்கேஜ்களைப் பொறுத்தவரை மிரர்காரரை நம்ப வேண்டியதே இல்லை. பட்டியலில் டெபியனோ உபுண்டுவோ போட்ட டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷும் இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் ஆப்ட் வாங்காது. ஆபத்து அதற்கு முந்தைய படியில், ஐஎஸ்ஓவில் இருக்கிறது. அதை இறக்கும்போது எந்த ஆப்டும் காவலுக்கு நிற்பதில்லை. 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி மிண்ட் இணையதளத்துக்குள் புகுந்த ஒருவர், 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு மாற்றிவிட்டார். ஆகவே பென்டிரைவில் எழுதும் முன் அதன் ஷா256 எண்ணை (ஐஎஸ்ஓவின் ஹாஷ்) தளத்தில் உள்ளதோடு சரிபாருங்கள், முடிந்தால் அதன் கையெழுத்தையும். ஐஎஸ்ஓவை நான் டொரென்டில்தான் இறக்குகிறேன். கிட்டத்தட்ட 3 ஜிபி, கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், எந்த ஊர் மிரர் என்ற தலைவலியும் இல்லை.

இன்னொன்று, மிரர் மேல் பழி விழுந்து மிரருக்குச் சம்பந்தமே இல்லாதது. ‘ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்’ என்று வந்தால் நேராக கடிகாரத்தைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் சிமாஸ் பேட்டரி (கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரி) செத்துப்போனால் தேதி எங்கேயோ பின்னால் போய் நிற்கும். மிரர் எதிர்காலத்திலிருந்து வந்ததாக ஆப்ட் நினைத்துக்கொள்கிறது. மிரர் மிரராக மாற்றிப் பார்த்துச் சலித்துப் போய் என்னிடம் வந்த மெஷின்களுக்கு நான் செய்தது 2032 பேட்டரி ஒன்று மாற்றியதுதான். டெஸ்க்டாப் என்றால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு மெஷின் போடுகிறவருக்கு இவ்வளவு போதும். பத்துப் பன்னிரண்டு மெஷின் ஒரே இடத்தில் என்றால் நல்ல மிரரைத் தேடுவதைவிட நீங்களே ஒரு குட்டிக் கிடங்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்று ஒன்று இருக்கிறது. கடை மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் அதைப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் மெஷின் கேட்கும்போது வெளியிலிருந்து இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். அடுத்த மெஷின் அதே பேக்கேஜைக் கேட்டால் கடைக்குள்ளிருந்தே கொடுத்துவிடும். டெபியனில் மிரர் தேர்ந்ததும் ஹெச்டிடிபி ப்ராக்ஸி (நடுவில் நின்று இறக்கித் தரும் சர்வர்) இருந்தால் கொடு என்று ஒரு திரை வருமே, எல்லாரும் காலியாக விட்டுத் தாண்டுவது, அங்கே அந்த டெஸ்க்டாப்பின் ஐபியையும் 3142 என்ற போர்ட்டையும் கொடுத்தால் போதும். மிண்டில் ஆப்ட் கான்ஃபிக் ஃபோல்டரில் அதையே ஒரு வரியாக எழுதினால் ஆயிற்று. டியூஷன் சென்டரின் லேப்டாப்புகளை வரிசையாகப் போட்டபோது முதலாவது மட்டும்தான் நேரம் தின்றது. மீதியெல்லாம் லேன் வேகத்தில் ஓடின.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மிரர் முகவரி ஹெச்டிடிபிஎஸ்ஸில் (பூட்டிய தொடர்பில்) இருந்தால் நடுவில் நிற்கும் கேச்சருக்கு உள்ளே என்ன போகிறது என்று தெரியாது, சேமிக்க முடியாது. ஹெச்டிடிபியில் வைத்தால்தான் பலன். கையெழுத்துச் சோதனை இருப்பதால் அதில் பயமில்லை. இரண்டாவது, ஆர்ச்சும் ஃபெடோராவும் எடுக்கிறவர்களுக்கு இது அவ்வளவாகக் கைகொடுக்காது, முக்கியமாக டெபியன் குடும்பத்துக்குத்தான்.

நாளுக்கு ஒன்றரை ஜிபி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வாடிக்கையாளருக்கு நான் மெஷினைக் கடையிலேயே முழுவதும் அப்டேட் செய்துதான் கொடுக்கிறேன். கொடுக்கும் முன் அந்த ப்ராக்ஸி வரியை எடுத்துவிட்டு, கடை நெட்டிலிருந்து பிரித்து, அவர் போனின் ஹாட்ஸ்பாட்டிலேயே ஒரு தடவை அப்டேட் ஓட்டிக் காட்டிவிட வேண்டும். வரி உள்ளே இருந்துவிட்டால் அவர் வீட்டில் போய் அந்த லேப்டாப் சிந்தாதிரிப்பேட்டை டெஸ்க்டாப்பைத் தேடிக்கொண்டு நிற்கும், அவர் கேபிள்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்.